வள்ளத்தில் போன முயல்கள்

ஒச்சம்மாள் மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் எட்டு மாதத்தில் அதிகம் பேசியது சுவரோடுதான். புருஷன் வீரபாண்டிக்குச் சுக்கு ஏற்றும் சரக்குப் படகில், அவர்கள் சொல்லும் வள்ளத்தில், வேலை. ஆலப்புழைப் பக்கம் போனால் திரும்ப நாலு நாள் ஆகும், ஐந்து நாளும் ஆகும். அந்த நாட்களில் பஜார் ரோட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் ஏறும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஈரம் ஒரு நாள் மாட்டுத்தலை போலிருக்கும். மறுநாள் உசிலம்பட்டிக்கு மேற்கே தெரியும் மலை போலிருக்கும். பக்கத்து அறைப் பெண்கள் பேசுவதில் பாதி அவளுக்குப் புரிந்தது. புரிந்ததற்குப் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

பைலி முதலாளியின் வளாகத்தில் வேலை கிடைத்தது 1956இன் கடைசியில். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, இறைச்சி என்று சாப்பாட்டுச் சாமான் கொடுப்பவர் அவர். வெள்ளைக்காரச் சமையல்காரர்கள் சிலர் முயல் கேட்டார்கள். ஊரில் கேட்ட நேரத்தில் முயல் கிடைக்கவில்லை என்பதால் அவரே வளர்க்க ஆரம்பித்தார். காயலை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் பழைய தேயிலைப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பக்கம் கம்பி வலை, தரையும் கம்பி வலை. பெட்டிக்கு ஒரு முயல்.

இலை போடுவதும் தண்ணீர் வைப்பதும் புழுக்கை வாருவதும் ஒச்சம்மாளின் வேலை. முதல் நாள் கொட்டகைக்குள் நுழைந்தபோது அவளுக்குக் கேட்டது ஒரு சத்தம். யாரோ அரத்தால் இரும்பை ராவுவது போலிருந்தது. முயல்கள் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. பசியில்லை; முள்முருங்கை இலை முன்னாலேயே வாடிக் கிடந்தது. சிலது கடிக்கவும் இல்லை. ஒரு சாம்பல் நிறப் பெட்டை முயல் பெட்டிக்குள் வட்டமாகச் சுற்றியபடியே இருந்தது. அவள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் செக்கு என்று பெயர் வைத்தாள்.

"பேரு கீரு வைக்காதே, கேட்டியா," என்றார் கணக்கர் ராமபத்ரன். பாலக்காட்டுத் தமிழர், முதலாளியின் ஆங்கிலக் கடிதங்களை எழுதுகிறவர். முயல் கொட்டகைப் பக்கம் வரும்போது மேல்துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். "இதெல்லாம் கப்பல்ல போற ஜீவனாக்கும். பேரு வச்சா உனக்குத்தான் சங்கடம்."

"போறதுக வேற சாமி. இது குட்டி போடுற பெட்டை, இங்கேயே கெடக்கும்," என்றாள் ஒச்சம்மாள்.

கிடந்தது. ஆனால் போட்ட குட்டிகளை அதுவே தின்றது. இரண்டு முறை தின்றது. கம்பித் தரையில் நின்று நின்று அதன் பின்னங்காலடியில் ரோமம் போய்ப் புண்ணாகியிருந்தது. மத்தியான வெயிலில் காயல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடக்கும் நேரத்தில், ஒச்சம்மாள் அதன் பெட்டி முன்னால் சாக்கை விரித்து உட்காருவாள். உள்ளே அது சுற்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்குத் தானும் தன் அறைக்குள் சுற்றுவது போலத் தோன்றும். கண் சொக்கிவிடும். விழிக்கும்போது அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

1958 ஜூனில், இடவப்பாதி மழையில் கொட்டகையின் கூரை ஒரு பக்கம் சரிந்தது. கீழ் வரிசைப் பெட்டிகளில் தண்ணீர் ஏறியது. முதலாளி எர்ணாகுளம் போயிருந்தார். ஒச்சம்மாள் யாரையும் கேட்கவில்லை. ஒட்டியிருந்த முதலாளியின் சுக்குக் கிடங்கு அந்த மாதம் காலி, சரக்கெல்லாம் ஏற்றியாகிவிட்டது. பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு முயலாக மடியில் கட்டிக் கொண்டுபோய் அங்கே விட்டாள்.

கிடங்கின் தரையெல்லாம் சுக்கு வாசனை. மூலையில் கிழிந்த சாக்குகளும் அடி போன கூடைகளும் கிடந்தன. முயல்கள் முதலில் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தன, இன்னும் பெட்டி சுற்றியிருப்பது போல. செக்கு அங்கேயும் அதே அளவில் ஒரு வட்டம் போட்டது. பிறகு ஒரு கணம் நின்றது. வட்டத்துக்கு வெளியே ஒரு காலை வைத்துப் பார்த்தது. அப்புறம் கிடங்கின் நீளத்துக்கும் ஓடி, நடுவில் எகிறி, உடம்பை அந்தரத்தில் ஒரு முறுக்கு முறுக்கி இறங்கியது. ஒச்சம்மாள் நனைந்த சேலையோடு வாசலில் நின்று பார்த்தாள். மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏதோ தூக்கத்தில் காண்பது போலிருந்தது அவளுக்கு.

கடுவன்கள் மூன்றும் அன்றே கடித்துக்கொண்டன. அவற்றை மட்டும் பிடித்து வலைத் தடுப்புக்கு அந்தப்புறம் தனித்தனியாக விட்டாள். பெட்டைகள் பதினாறும் இரண்டு நாள் முறைத்தன, துரத்தின. மூன்றாம் நாள் சாக்கின் மேல் ஒரே குவியலாகத் தூங்கின. எந்தக் காது எந்த முயலுடையது என்று தெரியவில்லை.

முதலாளி வந்து வாசலில் நின்றார். பருத்த மனிதர், கோபம் வந்தால் முதலில் குடையைத் தரையில் ஊன்றுவார். ஊன்றினார்.

"ஒச்சம்மே, இது எந்தா இது? முயலா, சந்தையா?"

"கூரை விழுந்துருச்சு மொதலாளி."

"கூரை விழுந்தா கிடங்கு முயலுக்கா?" சற்று நேரம் பார்த்தார். ஒரு முயல் கூடைக்குள் நுழைந்து, கூடையோடு நகர்ந்தது. அவர் முகம் சிரிக்கலாமா என்று யோசிப்பது போலிருந்தது. "மழை தீரட்டே. அப்புறம் பெட்டிக்குள்ள போடு."

மழை தீர்ந்தபோது முயல்கள் கனத்திருந்தன. அங்கே வளர்ந்த குட்டிகளை எடுத்துக்கொண்ட கப்பல் சமையல்காரர் ஒருவர் இந்த முறை நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டார். பெட்டி என்ற பேச்சு அப்படியே நின்றது. சுக்கு வேறு கிடங்குக்குப் போயிற்று.

அடுத்த இரண்டு வருஷத்தில் ஒச்சம்மாள் அந்தக் கிடங்கை ஒரு ஊராக்கினாள். துறையில் ஒதுங்கும் எதையும் அவள் விடுவதில்லை. மூடியில்லாத பீப்பாயை உருட்டி வந்து போட்டாள். இரண்டு பக்கமும் வழி இருக்கும்படி அடியைத் தட்டி எடுத்தாள், ஏனென்றால் ஒரு வழி மட்டும் இருந்தால் உள்ளே மாட்டிய முயலுக்குக் கடி விழுந்தது. கடிக்கப் பலாக்கொம்பு. இழுத்து விளையாடக் கயிற்று நார். முள்முருங்கையைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பின்னங்காலில் நின்று எட்டிப் பிடித்துத் தின்றன. ஒரு பலகையைக் கல்லின் மேல் ஏற்றி வைத்தாள். அதில் எப்போதும் ஒரு முயல் ஏறி நின்று காவல் பார்க்கும். பெரும்பாலும் அது, தாசில்தார் என்று ராமபத்ரன் பெயரிட்ட வெள்ளைப் பெட்டை.

"பேரு வைக்காதேன்னு சொன்னீக சாமி."

"இது பேரா? உத்தியோகம்," என்றார் அவர்.

குட்டி போடும் நாளில் மட்டும் தாய்க்குத் தனியாக ஒரு மறைவு கட்டிக் கொடுப்பாள். செக்கு அந்த மறைவில் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கி மெத்தை செய்தது. ஏழு குட்டி போட்டது. ஏழும் பிழைத்தன. அவை வளர்ந்து, கப்பல் வந்த ஒரு நாளில் போயின. கப்பல் நாட்களில் ஒச்சம்மாளே கூடைகளைத் துறை வரை சுமந்து கொடுத்துவிட்டு வந்து கிடங்கைப் பெருக்குவாள். போகும்வரை அந்தக் குட்டிகள் ஓடின, தாவின, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. தன்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

1960 கிறிஸ்துமஸ் கழிந்ததும் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு காரியம் பறையாம். வலிய கப்பல் கம்பெனி ஒண்ணு நம்மகிட்ட ஸ்திரமா சாமான் எடுக்கப் போகுது. அவங்க டாக்டர் ஜனவரி இருபத்து நாலாம் தேதி வந்து எல்லாம் நோக்கும். முயல் கூட்டமா கிடக்கறது அவருக்குப் பிடிச்சா கிடக்கட்டே. சண்டை, சொறி, புண்ணு, ஏதாவது கண்டா அன்னைக்கே பெட்டி. புதுசு. ஆசாரிகிட்டப் பலகை பறஞ்சாச்சு."

"எத்தனை பெட்டி மொதலாளி?"

"முயல் எத்தனையோ அத்தனை."

அன்று கிடங்குக்குத் திரும்பியபோது செக்கு வந்து அவள் சேலை ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்தது. பெட்டிக் கம்பியை ராவும் அந்தப் பழைய சத்தம் ஒச்சம்மாளின் காதில் திரும்பவும் கேட்டது.

இனி செய்ய வேண்டியது சுத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. போகியும் கூடி வந்தது. மட்டாஞ்சேரியில் அவள் பிறந்த ஊர் மாதிரித் தெருவெல்லாம் போகி எரிவதில்லை. ஒவ்வொரு வருஷமும் அறை வாசலில் ஒரு பழம்பாயையாவது எரித்துவிட்டுத்தான் அவள் பொங்கலுக்குப் பானை எடுப்பாள். பக்கத்து அறைக்காரி தீ பிடித்துவிட்டதென்று தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்த வருஷமும் உண்டு. இந்த முறை கிடங்குக்கே போகி கொண்டாடினாள். முயல்களைப் பழைய பெட்டிகளில் அடைத்தாள். சாக்குகள், கூடைகள், நார், கடித்துத் தேய்ந்த பலாக்கொம்பு எல்லாவற்றையும் காயல் கரையில் குவித்துக் கொளுத்தினாள். சுக்கு வாசனையோடு புகை தண்ணீர் மேல் தாழப் போயிற்று. பீப்பாயைத் தேய்த்துக் கழுவினாள். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் பினாயில். மறுநாள் சாயங்காலம் காய்ந்த பிறகு புதுக்கூடை, புதுச்சாக்கு போட்டு முயல்களைத் திறந்துவிட்டாள். கிடங்கு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு முயல் பின்னங்காலால் தரையைத் தட்டியது. தொடர்ந்து தட்டியது. புது இடம் என்று நினைத்திருக்கும், சரியாகிவிடும் என்று போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் வெள்ளைச் சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. தரையெங்கும் ரோமம், பஞ்சு வெடித்தது போல. தாசில்தார் நடுவில் நின்று, அசைகிற எல்லாவற்றின் மேலும் பாய்ந்தது. ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. செக்கு மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டரை வருஷம் ஒரே குவியலாகத் தூங்கிய பெட்டைகள் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததே இல்லாதது போலக் கடித்தன.

ஒச்சம்மாள் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பவும் பழைய பெட்டிகளில் போட்டாள். முதலாளி வந்து பார்த்தார். குடையை ஊன்றவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒன்பது நாள் உண்டு," என்றார். "டாக்டர் இதைக் கண்டா நான் என்ன பறைய? ஆசாரி நாளைக்குப் பலகை இறக்கட்டே."

பொங்கலுக்கு வீரபாண்டி எடுத்து வந்திருந்த மஞ்சள் சேலையை அவள் உடுத்தியிருந்தாள். அந்தச் சேலையோடு செக்குவின் பெட்டியைத் திறந்து கையை நீட்டினாள். அது பின்வாங்கித் தரையைத் தட்டியது. அவள் கூப்பிட்டாள். அது வரவில்லை. கோபம் போல, பெட்டியில் போட்டதற்குக் கோபம், என்று நினைத்துக்கொண்டாள்.

காயத்துக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட வேண்டும். புதுச்சேலை பாழாகுமே என்று அறைக்குப் போய்ப் பழைய கண்டாங்கியை எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷமாக அதை உடுத்திக்கொண்டுதான் கிடங்கில் வேலை செய்தாள். எத்தனை துவைத்தாலும் அதன் நீலத்தில் முயல் ரோமம் ஒட்டியே இருக்கும். பெட்டியைத் திறந்தாள். செக்கு மூக்கை ஆட்டியது. முந்தானையை முகர்ந்தது. பிறகு மெல்ல இறங்கி வந்து அவள் மடியில் ஏறி, சேலை மடிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

ஒச்சம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம். ஒரு படகு நீராவி ஊதிக்கொண்டு போயிற்று. அதன் அலை வெகுநேரம் கழித்து வந்து கரைக் கல்லைத் தொட்டது. அந்த நேரத்துக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. இதுகளுக்கு முகம் அடையாளமில்லை, வாசனைதான் அடையாளம். பதினாறும் ஒரே சாக்கில் படுத்து ஒரே வாசனையாகியிருந்தன. அந்த வாசனையைத்தான் அவள் கரையில் குவித்துக் கொளுத்தியிருந்தாள். மிச்சமிருந்தது உடம்பில் சுற்றியிருக்கும் இந்தச் சேலை மட்டும்.

ராமபத்ரன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்கிலிருந்து துண்டை எடுத்தார். "அப்போ நீ சுத்தம் பண்ணினதுதான் குத்தம்ங்கறே."

"ஆமா சாமி. நாந்தான் செஞ்சேன்."

இரண்டு நாள் ஒவ்வொரு முயலையும் அந்தச் சேலையால் துடைத்தாள். ஒன்றைத் துடைத்த இடத்தாலேயே அடுத்ததைத் துடைத்தாள். மூன்றாம் நாள் கிடங்கில் விட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முகர்ந்து நின்றன. அப்புறம் தாசில்தார் பலகையைப் பார்த்தது. அது தன் இடம் என்று நினைவு வந்துவிட்டது. மறுபடியும் ரோமம் பறந்தது; மறுபடியும் பெட்டிகளில் அடைத்தாள்.

சாயங்காலம் வீரபாண்டி சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டான்.

"ஏன் புள்ள, ஒம் முயலுக்கும் எங்க ஆளுகளுக்கும் என்ன வித்தியாசம்? புதுசா வாறவன் கரையில நின்னான்னா பழைய ஆளு முறைப்பான். இது என் துறை, என் சாக்குன்னு அடிதடி. ஆளுகளை ஏவுற தண்டேலு என்ன செய்வாரு தெரியுமா? ரெண்டு பேரையும் ஒரே வள்ளத்துல ஏத்தி அனுப்பிருவாரு."

"அனுப்புனா?"

"வள்ளம் ஆடும்ல. ஆடுற வள்ளத்துல எவன் எவனை அடிக்கிறது? ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வருவான்." சோற்றைப் பிசைந்தான். "மொத நாளு நானும் அப்படித்தான் போனேன். கம்மாய்த் தண்ணியத் தவிர வேற தண்ணி பாத்திருக்கேனா நான்?"

ஒச்சம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அவள் பார்வையைப் புரிந்துகொண்டான்.

"ஏய். நான் பேச்சுக்குச் சொன்னேன்."

"அடுத்த சரக்கு வார வரைக்கும் காலையில வள்ளம் சும்மாதான கெடக்கு?"

காலையில் வள்ளத்தின் அடியில் வைக்கோலைப் பரப்பினாள். பழைய சேலையைக் கிழித்து வைக்கோல் மேல் அங்கங்கே போட்டாள். மேலே வளைந்த ஓலைப் பாய் இருந்ததால் வெயில் விழவில்லை. பதினாறு பெட்டைகளையும் இறக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். வீரபாண்டி கழியை ஊன்றினான்.

துறையில் முதலாளி நின்றிருந்தார். "எடோ வீரபாண்டி, முயலை எங்கே கொண்டு போற?"

"காத்து வாங்கப் போறாக மொதலாளி," என்றான் வீரபாண்டி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

வள்ளம் கரையோரமாகவே போயிற்று. முதலில் ஒவ்வொரு முயலும் தன் இடத்தில் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. இங்கே யாருக்கும் மூலை இல்லை, பலகை இல்லை. கீழே தண்ணீர் மரத்தை நக்கும் சத்தம் மட்டும். எதிரே இருந்த துறைமுகத் தீவுக்கு, ஐலண்டுக்கு, போகும் படகு ஒன்று கடந்தது. அதன் அலை வந்ததும் வள்ளம் மெல்ல ஏறி இறங்கியது. தாசில்தார் சறுக்கிப் போய் செக்குவின் மேல் முட்டியது. ஒச்சம்மாள் கையைத் தயாராக வைத்திருந்தாள். தாசில்தார் எழவில்லை. தலையைத் தாழ்த்தி செக்குவின் வயிற்றுக்கடியில் நுழைத்தது. செக்கு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. அடுத்த அலைக்கு இன்னும் மூன்று வந்து ஒட்டின. வெளிச்சம் ஓலை இடுக்கு வழியாக விழுந்து முதுகுகளின் மேல் முன்னும் பின்னும் போய் வந்தது. வெகுநேரம் கழித்து செக்கு நாக்கை நீட்டி, தாசில்தாரின் நெற்றியை நக்கத் தொடங்கியது.

"என்ன புள்ள, சத்தமே காணோம்? கடிச்சுக்கிட்டுச் செத்துப்போச்சா எல்லாம்?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "தூங்குதுக."

நாலு காலை அப்படிப் போய் வந்தார்கள். கரையில் சாயா குடிக்கிறவர்கள் டம்ளரோடு எழுந்து நின்று பார்த்தார்கள். அதற்குள் கிடங்கில் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தாள். பலகை இருந்த மூலையில் பீப்பாய், பீப்பாய் இருந்த இடத்தில் கூடை. பினாயில் வாசனை போக ஒரு மூட்டை உடைந்த சுக்கைக் கேட்டு வாங்கித் தரையில் தேய்த்தாள். நாலாம் நாள் வள்ளத்து வைக்கோலை அப்படியே அள்ளி வந்து பரப்பி, சேலைத் துண்டுகளைக் கூடைக்கு ஒன்றாகப் போட்டு, முயல்களை விட்டாள். தாசில்தார் இரண்டு முயல்களைத் துரத்தியது. கடிக்கவில்லை. சாயங்காலம் வைக்கோல் மேல் ஒரு குவியல் இருந்தது.

டாக்டர் சொன்ன தேதியில் வந்தார். நெடிய மனிதர். உள்ளே வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி குடையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். கிழிந்து ஆறிய காதை டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே சுவரோரம் அடுக்கியிருந்த ஆசாரியின் பலகைகள்தான் ஒச்சம்மாளின் கண்ணுக்குத் தெரிந்தன. டாக்டர் ஒரு கூடையிலிருந்து நீலத் துணியை எடுத்து ஏதோ கேட்டார்.

"இந்தக் கந்தல் எதுக்குன்னு கேக்கறார்," என்றார் ராமபத்ரன். "என்ன சொல்லட்டும்?"

"நான் போகி கொளுத்துனதச் சொல்லுங்க சாமி. காது கிழிஞ்சது என்னாலதான்னு சொல்லுங்க."

"அதையெல்லாம் எதுக்கு."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். போகியை ஆங்கிலத்தில் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. வள்ளத்துக்குக் கையை ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் துணியை எடுத்த கூடையிலேயே, எடுத்த மாதிரியே மடித்து வைத்தார். எழுந்து முதலாளியோடு ஆபீசுக்குள் போய்விட்டார்.

வெயில் தாழும் வரை அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் இலை கட்டினாள், தண்ணீர் மாற்றினாள். பிறகு குடை சத்தம் கேட்டது.

"ஒச்சம்மே."

"மொதலாளி."

"அந்தப் பலகை எல்லாம் வெறுதே வெயில்ல காயுதே. உனக்கு வேணுமா?"

அவள் பலகைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். செக்கு அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

"தாசில்தாருக்கு ஒரே ஒரு பலகைன்னா சண்டை வராதா? நாலஞ்சு அடிக்கட்டே," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டு போனார்.

ஆசாரி சுவர் நெடுக ஆறு பலகை அடித்துக் கொடுத்தான். அத்தனை பெட்டிக்கும் வாங்கிய மரம். இன்னும் மிச்சம் இருந்தது. அதில் ஒச்சம்மாள் தனக்கு ஒரு மணை செய்துகொண்டாள்.

1965 வரை செக்கு இருந்தது. வயதான பிறகு ஏறும் பலகையை விட்டுவிட்டு, பீப்பாய் வாயில் படுத்து மற்றவை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு பெட்டை வந்தால் முதலில் அதை வள்ளத்தில் ஏற்றுவது கிடங்கின் வழக்கமாகிவிட்டது. வீரபாண்டி வாய்க்குள் முணுமுணுத்தாலும் கழியை எடுப்பான். அந்த வேடிக்கையைப் பார்க்க வந்த பக்கத்து அறைப் பெண்கள் இரண்டு பேர் ஒருநாள் தாங்களும் ஏறிக்கொண்டார்கள். வள்ளம் ஆடியபோது ஒருத்தி ஒச்சம்மாளின் தோளைப் பிடித்தாள். திரும்பி வரும்வரை மூவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

போகிக்கு அவள் இப்போதும் அறை வாசலில் ஒரு பழம்பாய் எரிப்பாள். அன்று காலையில் மட்டும் கிடங்குக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.